காளவாசலில் ஒரு வீடு, கொடைக்கானலில் ஓர் அடுப்பு!

மதுரையில் வாடகைக்கு வீடு தேடுகிறவன் முதலில் வாங்க வேண்டியது நல்ல செருப்பு. அடுத்து ஒரு குடை. போன சித்திரையில் இரண்டும் இல்லாமல் கிளம்பியது என் தப்பு.

உசிலம்பட்டிப் பக்கம் கிராமத்தில் தனியாக இருந்த அம்மாவை எங்களோடு கூட்டி வருவதாக முடிவு. வயது எழுபத்திரண்டு. ரத்தக்கொதிப்பு வேறு. ஓட்டு வீட்டிலேயே வாழ்ந்த மனுஷி. "ஏசி கீசியெல்லாம் வேணாம்ப்பா. ராத்திரி தூக்கம் வந்தாப் போதும்" என்று ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டாள். கேட்க சின்னதாக இருக்கிறதல்லவா? மதுரையில் அதுதான் பெரிசு!

புரோக்கர் அண்ணன் எஸ்.எஸ்.காலனி, வில்லாபுரம், ஆனையூர் எல்லாம் சுற்றிக் காட்டிவிட்டு, கடைசியில் காளவாசலில் ஒரு மொட்டை மாடி வீட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். வாடகை 7,500 ரூபாய். "காத்து பிச்சுக்கிட்டு வரும் தம்பி!" என்றார். வந்தது... இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுவிட்டு வந்த மாதிரி! எங்கள் பக்கம் செங்கல் சூளைக்குக் காளவாசல் என்றுதான் பேர். ஊர்ப் பேரைக் காப்பாற்றவே வீட்டைக் கட்டியிருக்கிறார்கள் போல.

"யோசிச்சுச் சொல்றேண்ணே" என்று நழுவினேன். அந்த வாரமே ஆபீஸ் டூர். கொடைக்கானல்.

நாலு மணி நேர பஸ். ஏழாயிரம் அடி உயரம். சித்திரையிலும் ராத்திரி ஸ்வெட்டர் கேட்கிற ஊர். தங்கிய பழைய பங்களாவில், சுவரோடு சுவராக ஒரு கணப்பு அடுப்பு. சினிமாவில் வில்லன் நின்று சுருட்டுப் பிடிப்பாரே, அதேதான். விறகுக்குத் தனி சார்ஜ். இரண்டு கட்டு எரித்தோம். முன்பக்கம் அப்பளமாகப் பொரிந்தது, முதுகுப் பக்கம் ஐஸ்!

"சூடெல்லாம் புகைபோக்கி வழியா மேல போயிருதுங்க சார்" என்றார் வாட்ச்மேன். நூற்றுக்கு நூறு உண்மை. திறந்த அடுப்பில் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு அறைக்குக் கிடைத்தாலே அதிகம். போதாததற்கு, அறையில் இருக்கிற வெதுவெதுப்பான காற்றையும் அது இழுத்து வெளியே தள்ளும். அந்த இடத்துக்குக் கதவு போட்ட இரும்பு அடுப்பு வைத்தால் பாதிக்கு மேல் சூடு தேறும்.

இந்த ஊரை ஆரம்பித்து வைத்ததே மதுரை வெயில்தான், தெரியுமோ? மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து மலையேறி, 1845-ல் இங்கே இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். 1863-ல் ஏரியை உண்டாக்கிய லெவிஞ்சும் மதுரைக் கலெக்டராக இருந்தவர்தான். கீழே சூட்டுக்குப் பயந்து ஓடிவந்தவர்கள், மேலே சூட்டுக்காக விறகு வெட்டியிருக்கிறார்கள்!

அடுப்பைப் பார்த்தபடி படுத்திருந்தபோதுதான் உறைத்தது. இங்கே காசு கொடுத்து எரித்த சூடு கூரை வழியாக ஓடிப்போகிறது. காளவாசலில் ஓசியில் கிடைத்த சூடு கூரை வழியாக உள்ளே வருகிறது! பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட், பொழுது சாய்ந்த பிறகு அதை மெதுவாகக் கீழே இறக்கும். ஃபேன் போட்டால் அந்தச் சூட்டையே நமக்குப் பரிமாறும். ஆக, வாடகைக்கு எடுப்பது நாலு சுவரை அல்ல, கூரையை!

ஊர் திரும்பியதும் வீடு பார்க்கும் நேரத்தை மாற்றினேன். ராத்திரி எட்டு மணிக்குப் போய், ஸ்டூல் போட்டு ஏறி, உத்தரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். "தம்பி பல்லி பிடிக்கிறவரா?" என்றுகூட ஒரு வீட்டில் கேட்டார்கள்.

கடைசியில் திருநகரில் ஒரு பழைய வீட்டின் கீழ்ப்போர்ஷன். நமக்கு மேலே ஒரு மாடி. அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, தட்டோடு பதித்த தளம். கை வைத்தேன், சுடவில்லை. வாடகைதான் சுட்டது. 9,000. அட்வான்ஸ் பத்து மாதம்!

நானும் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். "சார், 2019-ல அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி, வேற உடன்பாடு இல்லேன்னா மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் கேக்கக்கூடாது..."

வீட்டுக்காரர் சிரித்தார். "அந்த வேற உடன்பாட்டைத்தானே தம்பி இப்பப் பேசிக்கிட்டிருக்கோம்?"

ஐந்து மாதத்தில் முடிந்தது. 45,000. மனைவியின் சீட்டுப் பணம் முழுக்கப் போனது. "ஏங்க, மாசம் ஆயிரத்தைந்நூறு கூடுதல்... தாங்குமா?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

அம்மா வந்த முதல் ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. இரண்டு மணிக்கு எழுந்து போய்ப் பார்த்தேன். வெறும் தரையில், முந்தானையை விரித்து, லேசான குறட்டை.

காலையில் மனைவி காபியோடு போய் எழுப்பினாள். அம்மா பதறி எழுந்து, "அதுக்குள்ள விடிஞ்சிருச்சா?" என்றாள்.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். வாடகையைப் பற்றி அப்புறம் அவள் பேச்செடுக்கவில்லை.