அனுமந்தபுரத்தில் கேட்ட 'டப்... டப்...' - பேனா மூடியில் புரிந்த தோட்டாக் கணக்கு!

தாம்பரத்தில் செங்கல்பட்டு லோக்கல் ரயிலில் ஏறியபோது என் மடியில் ஒரு பை நிறைய வெற்றிலை. அனுமந்தபுரம் அகோர வீரபத்திரருக்கு வெற்றிலை மாலை சாத்துவதாக அம்மாவுக்கு ஒரு வேண்டுதல். துணைக்கு நான்.

பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று வரிசையாக அடுக்குமாடிக் குடியிருப்புகள். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி, ஆட்டோ பிடித்துக் கிழக்கே திரும்பினால் காட்சியே மாறுகிறது. வயல், ஏரி, அதற்குப் பின்னால் குன்றுகளும் காடும். சென்னைக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படி ஓர் அமைதியா என்று வியந்தபடியே தரிசனத்தை முடித்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்தோம்.

டப்... டப்... டப்!

அம்மா கையிலிருந்த டீ பாதி புடவையில். கடைக்கார அக்கா சிரித்தார். "பயப்படாதீங்கம்மா, ஃபயரிங் நடக்குது. எங்களுக்குப் பழகிப்போச்சு."

அனுமந்தபுரத்தின் இன்னொரு முகம் அது. இங்குள்ள துப்பாக்கி சுடுதளத்தில் ராணுவத்தினர், மத்தியப் படையினர், காவல்துறையினர் எல்லாம் பயிற்சி எடுக்கிறார்கள். பயிற்சி நாள்களில் அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் முன்கூட்டியே அறிவித்துவிடும்.

பேனாவும் மூடியும்

பக்கத்து பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார். ராணுவத்தில் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவராம். "குறி தப்பி இந்தப் பக்கம் வந்துடாதா சார்?" என்று கேட்டேன்.

"சுடுறவன் கண்ணும் கையும் மட்டும் குறி இல்லம்மா. பாதிக் குறி தோட்டா செய்யுற இடத்துலயே முடிவாகிடும்" என்றவர், என் பேனாவை வாங்கி மூடியைக் கழற்றினார்.

"மூடிதான் பித்தளைக் கூடு. அடியில தட்டினா தீப்பொறி வரும். உள்ளே மருந்து. வாயில செருகியிருக்குற இந்தப் பேனாதான் பறந்து போற ரவை. இது எவ்வளவு ஆழம் உட்காரணுமோ, எல்லாத் தோட்டாவுலயும் அவ்வளவுதான் உட்காரணும்."

பேனாவைக் கொஞ்சம் அழுத்தினார். "இப்ப உள்ளே இடம் குறைஞ்சிடுச்சு. மருந்து எரியும்போது அழுத்தம் கூடும், வேகம் மாறும். ரொம்ப வெளியே நின்னாலும் வம்பு. ரவையோட தோள் குழலுக்குள்ள இருக்குற புரியில முட்டிக்கிட்டா, அப்பவும் அழுத்தம் ஏறும். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேகத்துல போனா, ஒரே இடத்தைக் குறி வச்சாலும் அட்டையில மேலயும் கீழயுமாத்தான் ஓட்டை விழும்."

தலைமுடியைவிட மெல்லிய கணக்கு

அவருடைய மகள் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறார். அங்கே போனபோது, பக்கத்து வீட்டுக்காரர் தன் ரைஃபிளுக்கான தோட்டாக்களைத் தானே கைப்பிடி அழுத்தியில் செய்வதைப் பார்த்தாராம். அந்த நாட்டில் அது ஒரு பொழுதுபோக்கு.

"அந்த மனுஷன் எல்லாத்தையும் வெர்னியர்ல அளந்துட்டு, ஒண்ணுக்கொண்ணு ஒத்துவரலைன்னு தலையில கை வச்சுட்டு உட்கார்ந்திருந்தார். ரவையோட மூக்கு நுனி ஒவ்வொண்ணுலயும் லேசா வேற மாதிரி இருக்கும். நுனி வரைக்கும் அளந்தா கணக்கு தப்பும். வளைவு தொடங்குற தோள் வரைக்கும்தான் அளக்கணும். அழுத்துற கருவியும் நுனியை அமுக்காம தோளைப் பிடிச்சு அமுக்கணும். கூட்டோட கழுத்து ஒண்ணு இறுக்கமா, இன்னொண்ணு தளர்வா இருந்தாலும் ஆழம் மாறிடும். கைப்பிடியையும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி கடைசி வரைக்கும் இறக்கணும்."

எவ்வளவு வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்வார்கள்? அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. அதாவது 0.05 மில்லிமீட்டர். நம் தலைமுடி பெரும்பாலும் அதைவிடத் தடிமன்!

யூடியூபில் பார்த்துவிட்டு நம்மூரில் யாரும் இறங்கிவிட வேண்டாம். உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். நம் படைகளுக்கான தோட்டாக்கள் தொழிற்சாலைகளில்தான் தயாராகின்றன. துப்பாக்கி மருந்துக்கு நம் நீலகிரியிலேயே 100 ஆண்டுகளைத் தாண்டிய அருவங்காடு தொழிற்சாலை இருக்கிறது.

தொடாதே!

பேசிக்கொண்டிருக்கும்போதே கடைக்கார அக்காவின் பையன் ஓடி வந்து, "தாத்தா, காட்டுப்பக்கம் பித்தளை கிடைக்குமா?" என்றான். எடைக்குப் போட்டால் காசு வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பெரியவரின் முகம் மாறிவிட்டது.

"அந்தப் பக்கம் கால் வைக்காதே. எது வெடிச்சது, எது வெடிக்காததுன்னு பார்த்தா தெரியாது."

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2019-ல் திருப்போரூர் அருகே மானாம்பதியில், கோயில் குளத்தருகே கிடந்த மர்மப் பொருள் வெடித்து 2 இளைஞர்கள் உயிரிழந்தார்கள். அந்த ஊர் இங்கிருந்து வெகு தூரமில்லை.

ஒரு தோட்டா சரியாகப் போய்ச் சேர, முகம் தெரியாத யாரோ 0.05 மில்லிமீட்டரைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். வெடிக்காமல் மண்ணில் கிடக்கும் குண்டுக்கோ அப்படி ஒரு கணக்கே கிடையாது. அதனால் இந்தப் பக்கம் வருபவர்கள் கோயிலைப் பாருங்கள், ஏரியைப் பாருங்கள். எச்சரிக்கைப் பலகையைத் தாண்டாதீர்கள். பழைய இரும்பு, பித்தளை போல எது கண்ணில் பட்டாலும் தொடாமல் விலகி வந்து, 100-க்கு போன் செய்யுங்கள். குழந்தைகளிடமும் சொல்லி வையுங்கள்.

திரும்பும்போது ரயிலில் அம்மா என் பேனாவை வாங்கி, மூடியைப் போட்டார். கழற்றினார். மறுபடி போட்டார்.

"ஏன்டி, எல்லாத் தடவையும் ஒரே மாதிரியா உட்காருது?"

தாம்பரம் வரும் வரை இருவரும் அதைத்தான் சோதித்துக்கொண்டிருந்தோம்.