எந்த ஊருக்குப் போகிற கப்பல்?

"எந்த ஊருக்கு?" என்று அப்பா கேட்டார்.

சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. சென்னையில் ஏறி, இரண்டு இரவு கடலில் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் காலையில் சென்னையிலேயே இறங்க வேண்டும். அதைச் சொன்னதும் கையில் இருந்த காப்பி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டார்.

"ஏட்டி, கப்பல்னா ஒரு ஊர்ல ஏறி இன்னொரு ஊர்ல இறங்கணும். ஏறுன இடத்துலயே இறங்குறதுக்கு என்னத்துக்குக் கப்பல்? துட்டைக் கொண்டுபோய்க் கடல்ல கொட்டுத மாதிரில்லா இருக்கு."

சங்கரன்கோவிலில் கடல் கிடையாது. கரிசலும் தறிச் சத்தமும் பூச்சந்தையும்தான். கடலைப் பார்க்கத் தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோ பஸ் ஏற வேண்டும். ஆனாலும் எங்கள் வீட்டில் கப்பல் என்ற சொல் சாதாரணமாகப் புழங்கியது. தாத்தா கொழும்பில் செட்டியார் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை பார்த்தவர். மதுரை போய், மானாமதுரை வழியாக தனுஷ்கோடி வரைக்கும் ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், திரும்பவும் ரயில். சென்னையிலிருந்து வந்த அந்த ரயிலுக்கு போட் மெயில் என்று பெயர். ஒரே டிக்கெட்டில் ரயிலும் கப்பலும் மாறி மாறி ஏறி கொழும்பு போகும் ஏற்பாடு அது. 1914இல் தொடங்கி, 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்துபோகும்வரை ஐம்பது வருடம் ஓடியது. நடுவே உள்ள கடல் முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். இங்கிருந்து ராஜபாளையம் போகிற தூரம். அந்தத் தூரத்தைத் தாண்டிய பிறகு தாத்தா வருடக்கணக்கில் வரமாட்டார்.

கப்பலில் போக ஆசைப்பட்டது நானில்லை, அத்தை. அப்பாவின் அக்கா, எழுபத்திரண்டு வயது. ஐந்து வயதில், தாத்தாவை வழியனுப்ப ராமேசுவரம் போய், அங்கிருந்து தனுஷ்கோடிக் கரையில் நின்று கப்பல் புறப்படுவதைப் பார்த்திருக்கிறாள். "நானும் வாரேன்னு மணல்ல உருண்டு அழுதேன்" என்று பல தடவை சொல்லியிருக்கிறாள். 2022 ஜூனில், சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் புறப்படுவதை முதலமைச்சர் கொடியசைத்துத் தொடங்கிவைத்த செய்தி டிவியில் ஓடியபோது, பூத்தொடுத்துக் கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "இது கொழும்புக்குப் போவுமா?"

போகாது. அந்த வருடம் இலங்கையே பெட்ரோலுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. 2011இல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு விட்ட பயணிகள் கப்பலும் சில மாதங்களிலேயே நின்றுபோயிருந்தது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து இலங்கைக்கு ஆள் ஏற்றிப் போகிற கப்பல் ஒன்றுகூட அப்போது இல்லை. "சரி, கடலுக்குள்ளயாவது போவும்லா?" என்றாள் அத்தை. இந்த வயதில் அவள் என்னிடம் கேட்ட முதல் பொருள் அது. முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு வாரம் நான் பள்ளிக்கூட வேலை முடிந்து வந்து, ராத்திரிகளில் கப்பலைப் படித்தேன். ரயிலுக்கு முன்பதிவு செய்வதுபோல் இருக்கும் என்று நினைத்திருந்தேன். கல்யாண மண்டபம் பேசுவதுபோல் இருந்தது. முதலில் தெரிகிற தொகை ஒருவருக்கு, அதுவும் ஓர் அறையில் இரண்டு பேர் இருந்தால். அதற்கு மேல் துறைமுகக் கட்டணம், வரி, பணியாளர் சேவைக்கான தொகை எல்லாம் தனித்தனியாக வந்து உட்கார்ந்துகொள்ளும். சாப்பாடு அதிலேயே அடக்கம். வேறு நாட்டுக் கரை தொடாத பயணம் என்பதால் பாஸ்போர்ட் வேண்டாம், ஆதார் போதும். அறையில் மூன்று வகை: ஜன்னலே இல்லாத உள்ளறை, கடல் தெரிகிற ஜன்னல் வைத்தது, பால்கனி வைத்தது. பணத்தை நினைத்து உள்ளறை என்றேன். "கடலைப் பாக்கப் போயி சுவத்தையா பாத்துட்டு வரணும்?" என்றாள் அத்தை. ஜன்னல் அறைக்குக் கை போனது. எந்த இடத்து அறை என்பதும் முக்கியம். பஸ்ஸில் கடைசி சீட்டுதான் தூக்கிப் போடும், நடுவில் உட்கார்ந்தவருக்கு ஆட்டம் குறைவு, கப்பலிலும் அதேதான். கீழ்த்தளத்தில் நடுவில் இருக்கிற அறை தலைசுற்றுகிறவர்களுக்கு நல்லது. மேலே போகப் போகக் காசும் கூடும், ஆட்டமும் கூடும் என்று தெரிந்ததில் எனக்குப் பெரிய ஆறுதல்.

இன்னொன்றும் என்னை யோசிக்க வைத்தது. மற்ற மாதங்களில் மும்பையிலிருந்து ஓடுகிற கப்பல், மழைக்காலத்தில் மட்டும் ஏன் சென்னைக்கு வருகிறது? தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது அரபிக்கடல் கொந்தளிக்கும். அதே காற்று மலை இடைவெளியில் புகுந்துதான் எங்கள் ஊரில் ஆடிக்காற்றாகப் புழுதியை வாரி அடிக்கிறது, தேவர்குளம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. கொடியில் காயப்போட்ட சேலையைப் பறக்கடிக்கிற காற்றுதான் இவ்வளவு பெரிய கப்பலையும் கிழக்குக்கு அனுப்பிவைக்கிறது என்று அத்தையிடம் சொன்னேன். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் கவலை தேதியில் இருந்தது. கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால் ஊரைவிட்டு நகரமாட்டாள். அதனால் ஆனிக் கடைசியில் ஒரு தேதியைப் பிடித்தேன்.

அப்பா பிடிவாதமாகவே இருந்தார். தினமும் ஒரு காரணம். அத்தையின் முழங்கால், கடல்காற்று, பணம். கடைசியில் திரும்பவும் பழைய கேள்விக்கே வந்து நிற்பார். "எந்த ஊருக்கும் போகாத கப்பல்."

ஒருநாள் ராத்திரி அத்தை முந்தியை உதறிக்கொண்டு எழுந்தாள். "ஏ தம்பி, வருசா வருசம் ஆடிச்சுத்துன்னு கோயிலை நூத்தியொரு தடவை சுத்துதேனே, அது எந்த ஊருக்குப் போவுது? வாசல்ல தொடங்கி வாசல்லதானே வந்து நிக்கேன். அதை நீ ஒருநாளும் கேக்கலியே."

அப்பா பதில் சொல்லாமல் தெருவில் போய் நின்றுகொண்டார். அப்பாவுக்கு இவ்வளவு கோபம் எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை. காசுக்காக என்றுதான் நினைத்தேன்.

துறைமுகத்தில் பைகளைச் சோதிக்கிற இடத்தில் அத்தையின் பையைத் தனியே எடுத்து வைத்தார்கள். உள்ளே ஒரு காகிதப் பொட்டலத்தில் மண். கோயில் புத்துமண். எங்கே போனாலும் அவள் கூடவே போவது. சோதித்த பெண்ணுக்குத் தமிழ் தெரியவில்லை. அத்தைக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. அத்தை ஒரு சிட்டிகை எடுத்துத் தன் நெற்றியில் பூசிக் காட்டினாள். அந்தப் பெண் ஒரு கணம் பார்த்தாள். தொப்பியைச் சற்று மேலே தள்ளிவிட்டுத் தன் நெற்றியையும் நீட்டினாள். எங்கள் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. யாரும் முணுமுணுக்கவில்லை.

கப்பலைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. பதினோரு மாடி, பிரான்சில் கட்டி 1990இல் நோர்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் முதன்முதலாக ஓடியது, மூன்று நான்கு நாள் குறும்பயணங்களுக்கென்றே கட்டியது. ஊர் போய்ச் சேர்வதற்காக இல்லாமல் சுற்றி வருவதற்காகவே பிறந்த கப்பல் என்று அப்பாவிடம் சொல்ல வேண்டும் என நினைத்துக்கொண்டேன். புறப்படும் முன் எல்லாரையும் திரட்டி, ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும், மிதவைச் சட்டையை எப்படிக் கட்ட வேண்டும் என்று காட்டினார்கள். ஏழு சின்ன ஊதல், ஒரு நீள ஊதல். அத்தை விரல்விட்டு எண்ணிக்கொண்டாள். ராத்திரி படுக்கும்போதும் ஒருமுறை எண்ணிப் பார்த்தாள்.

மேல்தளத்தில் பாட்டும் ஆட்டமுமாக இருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. அத்தை தேடி வந்த கடலுக்கு இவ்வளவு சத்தம் எதற்கு என்று மனம் கசந்தது. அவளோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தாடையில் கை வைத்து, ஆடுகிற பிள்ளைகளை ஒரு மணி நேரம் பார்த்தாள். "தபசுக்கு ராத்திரி தெருவுல பிள்ளைக ஆடுததுக்கும் இதுக்கும் என்னட்டி வித்தியாசம்?" என்றாள். என் கசப்பு அத்தோடு கரைந்தது. போன் சிக்னல் போனதையும் கரை விளக்குகள் மறைந்ததையும் பிறகுதான் கவனித்தோம்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில்தான் அது நடந்தது. பனீர், பாஸ்தா, பெயர் தெரியாத இனிப்புகள் என்று நீள வரிசை. அத்தை தட்டோடு முழுக்க நடந்து திரும்பி வந்து, சோறும் தயிரும் மட்டும் வைத்துக்கொண்டு, "ஒரு கை ரசம் கெடைச்சாப் போதும்ட்டி" என்றாள். அவள் எப்போதும் சத்தமாகத்தான் பேசுவாள். கவுண்டருக்குப் பின்னால் பாத்திரம் மாற்றிக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்தான்.

"ஆச்சி, எந்த ஊரு?"

"சங்கரன்கோயிலு. நீ எந்த ஊருய்யா?"

"திருச்செந்தூருக்குத் தெக்க, கடக்கரை."

போய்விட்டான். பத்து நிமிடம் கழித்து ஒரு காப்பிக் கோப்பையில் ரசத்தோடு வந்தான். பணியாளர்களுக்கென்று தனியாகச் சமைக்கிற அடுக்களையில் வைத்தது. மேலதிகாரியிடம் கேட்டுவிட்டுத்தான் கொண்டுவந்தேன் என்றான். மிளகு தூக்கலாக, புளி கெட்டியாக, மேலே பூண்டு மிதந்தது. அத்தை சோற்றில் ஊற்றாமல் கோப்பையோடு குடித்தாள். குடித்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுக்கு எப்பய்யா போவே?"

"ஒன்பது மாச ஒப்பந்தம் ஆச்சி. இன்னும் நாலு மாசம் கெடக்கு."

"கல்யாணம் ஆயிட்டா?"

ஆகிவிட்டது. கப்பல் ஏறின மூன்றாம் மாதம் மகன் பிறந்திருக்கிறான். துறைமுகத்தில் சிக்னல் கிடைக்கும்போது போனில் பார்ப்பான். "எஞ்சத்தம் கேட்டாத் திரும்பிப் பாக்கான்" என்று சொல்லும்போது சிரித்தான். யாரோ உள்ளே இருந்து கூப்பிட்டார்கள், ஓடிவிட்டான். அவன் சட்டையில் இருந்த பெயரை நான் படித்து வைத்துக்கொண்டேன். கிறிஸ்தவப் பெயர்.

அன்று சாயங்காலம் அத்தை தளத்தின் கம்பியைப் பிடித்தபடி நெடுநேரம் பேசாமல் நின்றாள். சுற்றிலும் தண்ணீர். கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரு படகுகூட இல்லை. எங்கள் கரிசல் காடு அறுவடை முடிந்து வெறிச்சென்று கிடக்குமே, அந்த மாதிரி அகலம்.

"உங்கப்பன் பொறக்கும்போது எங்கய்யா கொழும்புலதான் இருந்தாரு" என்றாள் திடீரென்று. "ரெண்டரை வயசுலதான் பிள்ளையைப் பாத்தாரு. பொட்டி படுக்கையோட வாசல்ல வந்து நின்னு, வாய்யான்னு கையை நீட்டுதாரு. இவன் 'யாரோ வந்திருக்காவ'ன்னு வீல்னு கத்திட்டு அடுப்படிக்குள்ள ஓடி ஒளிஞ்சுக்கிட்டான். மூணு நாளு கிட்டயே போகலை. நாலாம் நாளு மடியில ஏறுனான். ரெண்டு மாசத்துல அவரு திரும்பப் போயிட்டாரு."

நாற்பத்தாறு வருடம் அப்பாவின் மகளாக இருக்கிறேன். இதை அவர் சொன்னதே இல்லை. எந்த ஊருக்கு, எந்த ஊருக்கு என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டது என் காதில் வேறு மாதிரி ஒலித்தது. அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குக் கப்பல் என்றால் ஓர் ஊருக்குப் போய் ஆளை வைத்துக்கொள்கிற ஒன்று. வேடிக்கை பார்க்க அதில் ஏறுகிறோம் என்று நாங்கள் சொன்னதை அவர் எப்படித் தாங்குவார்?

இறங்குகிற காலையில் அந்தப் பையனைத் தேடினோம். அவனுக்கு வேறு வேலைநேரம் என்றார்கள். புத்துமண் பொட்டலத்தில் பாதியை ஒரு காகிதத்தில் மடித்து, பெயரைச் சொல்லி இன்னொரு பணியாளரிடம் அத்தை கொடுத்துவிட்டு வந்தாள்.

வீட்டில் அப்பா, எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. அத்தைதான் தானாக எல்லாம் சொன்னாள்: ஜன்னல், ஊதல், ஆட்டம், ரசம். பையனைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அப்பா குறுக்கே கேட்டார்: "பிள்ளைக்கு இப்ப எத்தனை மாசமாம்?"

அடுத்த வருடம், 2023 ஜூனில், அதே சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் இலங்கைக்கே போகத் தொடங்கியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. கொழும்பு அதில் இல்லை. அத்தையின் முழங்காலும் அதற்குள் ஒத்துழைக்க மறுத்துவிட்டது.

ஆனால் நாங்கள் போய் வந்த அந்த ஆடியில் அவள் சுற்று முடிக்காமல் விடவில்லை. கொடி ஏறிய மறுநாள் தொடங்கி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நூற்றியொன்றையும் முடித்தாள். கடைசி நாள் அப்பாவும் நானும் கூடப் போனோம். கோமதி அம்மன் சந்நிதியில் அர்ச்சனைத் தட்டை நீட்டி, "கப்பல்ல வேலை பாக்குத ஒரு பையன், அவன் பிள்ளைக்கு" என்றாள். குருக்கள் பெயர் கேட்டார். பையனின் பெயரை நான் சொன்னேன். அவர் ஒரு நொடி என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நட்சத்திரம்?" என்றார்.

எங்களுக்குத் தெரியாது. அவர்கள் வீட்டில் நட்சத்திரம் பார்க்கிற வழக்கமும் இருக்காது. அத்தை கொஞ்சம் யோசித்தாள். பிறகு அப்பாவின் நட்சத்திரத்தைச் சொன்னாள்.

அப்பா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. தட்டு திரும்பி வந்தபோது முதல் ஆளாகக் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.