பின்னால் இருப்பவர்களும் தெரியட்டும்

சித்தூரிலிருந்து பெங்களூருச் சாலையில் மொகிலி மலைப்பாதை ஏறி, இறங்காமல் அப்படியே போனால் பலமனேர். சுடுமண் வேலைக்குப் பேர்போன ஊர். பூந்தொட்டி, விளக்கு, குதிரை, தண்ணீர்ப் பானை என்று செக்கச்செவேலென்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை இந்தத் தாலுகா வட ஆற்காட்டோடு இருந்தது. இன்றும் தெலுங்கு பேசிக்கொண்டிருப்பவரிடம் தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் வருகிறது.

கேமரா பழகத் தொடங்கியிருந்த நான், 50 எம்எம் லென்ஸ் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு குயவர் வீட்டுக் கொட்டகைக்குப் போனேன். அபெர்ச்சர் என்ன செய்கிறது என்பதை வேலை நடக்கும் இடத்தில் பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அவர் மின்சாரச் சக்கரத்தில் தொட்டி வனைந்துகொண்டிருந்தார். சற்றுத் தள்ளி அவர் மனைவி மண் பிசைந்துகொண்டிருந்தார்.

லென்ஸைக் கையில் வாங்கிப் பார்த்த குயவரிடம், அபெர்ச்சர் எனப்படும் உள்துளை விரிந்து சுருங்குவதைக் காட்டினேன். "பானைக்கு வாய் மாதிரி" என்றார் உடனே. அதுதான். 50 எம்எம் லென்ஸில் எஃப் 1.8 என்றால் அந்த வாய் சுமார் 28 மில்லிமீட்டர். எஃப் 8 என்றால் 6 மில்லிமீட்டர் சொச்சம். குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் வாயின் அகலம் கிடைக்கிறது. எண் ஏற ஏறத் துளை சிறுப்பது அதனால்தான். இந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால் மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை.

ஒரே காட்சியை எஃப் 1.8-இல் தொடங்கி 11 வரை எடுத்தேன். ஒரு மீட்டர் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் என் கேமராவில் தெளிவாக விழும் ஆழம் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. விரல்களும் ஈரமண்ணின் விளிம்பும் கண்ணைப் பறித்தன, மற்றதெல்லாம் கரைந்துபோயிற்று. எஃப் 8-இல் அந்த ஆழம் 12 சென்டிமீட்டர். பின்வாங்கி மூன்று மீட்டர் தூரத்தில் நின்று எடுத்தால், அதே எஃப் 8-இல் ஒரு மீட்டருக்கு மேல் கிடைக்கிறது. தூரத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பதைப் பழகுகிறவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

திரையில் படங்களை வரிசையாகக் காட்டினேன். முதல் படத்தைப் பார்த்து, "கை நல்லா இருக்கு சார், அவ எங்கே?" என்று கேட்டார். தள்ளி நின்று எடுத்த படம் வந்ததும், "இதுதான் எங்க கொட்டாய்" என்றார்.

அந்தக் கேள்வி நியாயமானது. சக்கரத்தில் தொட்டி எழும்புவது சில நிமிட வேலை. ஏரி மண்ணை ஊறவைத்து, கல் நீக்கி, மணல் சேர்த்துப் பிசைவதும், வெடிக்காமல் நிழலில் காயவிடுவதும், சூளை அடுக்குவதும்தான் நீண்ட பாடு. அதில் பெரும்பகுதி பெண்கள் கையில். சூளையில் காற்று தாராளமாகப் போனால் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கிறது. காற்றை அடைத்துப் புகைமூட்டினால் கறுக்கிறது. இதெல்லாம் தெரிந்தவர்களைப் பின்னணி என்று மங்கலாக்கிவிடுவது எனக்கு ஒப்பவில்லை. பின்புலம் கரைந்த படம்தான் அழகு என்று புதியவர்களுக்குச் சொல்லித்தரப்படுகிறது. முகப்படத்துக்கு அது சரி. தொழிலைக் காட்டும் படத்துக்குச் சரியில்லை.

எல்லாரையும் தெளிவாகக் காட்டுவதற்கு விலை வெளிச்சம். எஃப் 1.8-க்கும் 8-க்கும் சுமார் இருபது மடங்கு வித்தியாசம். கொட்டகை நிழலில் ஐந்நூற்றில் ஒரு நொடி வைத்த ஷட்டர் இருபத்தைந்தில் ஒன்றாக இறங்குகிறது, விரல்கள் அசைந்துவிடும். கேமராவின் ஒளியுணர்வான ஐஎஸ்ஓவை 400-இலிருந்து 1600-க்கு ஏற்றினால் நூற்றில் ஒரு நொடி திரும்பக் கிடைக்கும். படத்தில் கொஞ்சம் பொரிபொரியாகத் தெரியும். தெரியட்டும்.

பலமனேர்ப் பக்கம் கேமராவோடு போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அனுமதி கேட்டுவிட்டு எடுங்கள், இரண்டடி பின்னால் தள்ளி நில்லுங்கள், எஃப் 8-இல் தொடங்குங்கள். திரும்பும்போது ஒரு தொட்டியாவது பேரம் பேசாமல் வாங்குங்கள்.