ரிச்சி தெருவில் ஓர் ஆபரேஷன்

சென்னைக்கு வரும் வெளியூர்க்காரர்கள் மெரீனாவில் கால் நனைத்து, வண்டலூரில் புலி பார்த்து, தி.நகரில் பர்ஸைக் காலி பண்ணிவிட்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். ரிச்சி தெருவை யாரும் லிஸ்ட்டில் சேர்ப்பதில்லை. அங்கே போக ஒரு தகுதி வேண்டும். வீட்டில் ஏதாவது ஒரு சாமான் மூச்சை நிறுத்தியிருக்க வேண்டும்.

எனக்கு அந்தத் தகுதி போன மாதம் கிடைத்தது. எங்கள் வீட்டு டி.டி.எச். பெட்டி. மாடியில் டிஷ், முதுகில் இன்டர்நெட் ஒயர், வயிற்றுக்குள் ஹார்டு டிஸ்க் என்று ஒரு காலத்தில் ராஜா மாதிரி இருந்த பெட்டி. திடீரென்று ஒரு நாள் ஸ்விட்ச் போட்டால் கம்பெனி சின்னம் வரும், மறையும், மறுபடி வரும். அவ்வளவுதான்.

கம்பெனிக்கு போன் போட்டேன். "ஃபேக்டரி ரீசெட் போட்டுப் பாருங்க சார். சரியாகலேன்னா புதுப் பெட்டி வாங்கிக்கலாம். இந்த மாடல் நிறுத்தியாச்சு" என்றது ஓர் இனிமையான குரல். அம்மா பெட்டி மேல் கையை வைக்கவே விடவில்லை. காரணம் உண்டு. டிஸ்க்கில் ஒரு பொங்கல் பட்டிமன்றம் பதிவாகி இருக்கிறது. பார்வையாளர் வரிசையில் மூன்றாவது நாற்காலியில் அப்பா. கேமரா அந்தப் பக்கம் திரும்பும்போது கை தட்டிச் சிரிப்பார். மொத்தம் ஏழெட்டு விநாடி. அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது.

இந்த மாதிரி டி.டி.எச். பதிவுகளுக்கு ஒரு பூட்டு உண்டு. பதிவு செய்த பெட்டியில்தான் ஓடும். டிஸ்க்கைக் கழற்றி கம்ப்யூட்டரில் போட்டால் வெறும் குப்பைதான் தெரியும். பெட்டி போனால் ஏழெட்டு விநாடியும் போச்சு.

ஆபீஸில் பெர்மிஷன் போட்டுவிட்டு, மஞ்சள் பையில் பெட்டியோடு அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினேன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வேறு உலகம். ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் ரோடு, மீரான் சாகிப் தெரு என்று ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கிறது. ரேடியோ சாமான் விற்ற காலம் போய், டி.வி., கம்ப்யூட்டர், செல்போன், சி.சி.டி.வி. என்று தெரு தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. பத்தடிக்கு ஒருத்தர், "என்ன சார் வேணும்? லேப்டாப்பா? கேமராவா?" என்று கையைப் பிடிக்காத குறை. ரிமோட் உறையிலிருந்து ராட்சத ஸ்பீக்கர் வரை பிளாட்பாரத்திலேயே கிடைக்கும். நடக்கத்தான் இடம் கிடைக்காது.

விசாரித்து, ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய மாடிப்படியில் ஏறினேன். ஈயப் பற்றுப் புகைக்கு நடுவே ஒரு பெரியவர். பெட்டியைப் பார்க்காமலே கேட்டார்.

"சிவப்பு லைட் எரியுதா?"

"எரியுது அண்ணே."

"அப்ப பொழைச்சுக்கும். உக்காருங்க."

முதலில் எந்த ஒயரும் இல்லாமல் வெறும் கரண்டும் டி.வி.யும் மட்டும் கொடுத்தார். "மேல இருக்கிற எல்.என்.பி.க்கு இந்தப் பெட்டிதான் 13 வோல்ட், 18 வோல்ட்டுன்னு அனுப்புது. மழைத்தண்ணி இறங்கி ஒயர் ஷார்ட் ஆனா பெட்டியையே படுக்க வெச்சிடும். நெட் ஒயரும் அப்படித்தான். சில பெட்டி அட்ரஸ் தேடிக்கிட்டு அங்கேயே நின்னுடும். அதனால மொதல்ல எல்லாத்தையும் புடுங்கணும்" என்றார். அப்படியும் சின்னம் வந்தது, மறைந்தது.

அடுத்து போர்டில் மூன்று புள்ளிகளில் மெல்லிய ஒயர் வைத்து லேப்டாப்பில் இணைத்தார. பெட்டி கண் விழிக்கும்போது தனக்குத் தானே பேசிக்கொள்ளுமாம். திரையில் வரி வரியாக ஓடியது. டிஸ்க் என்ற சொல் வந்ததும் சட்டென்று முதல் வரிக்கே திரும்பியது.

"சாஃப்ட்வேர் கெட்டிருந்தா பெரும்பாலும் ஒரே இடத்துல நின்னு தப்புன்னு சொல்லும். இது மயக்கம் போட்டு எழுந்திரிக்குது" என்றவர், டிஸ்க்கைக் கழற்றினார். பெட்டி ஜம்மென்று ஓடியது. எனக்கு வயிறு கலங்கியது.

"டிஸ்க் போச்சா அண்ணே?"

"அவசரப்படாதீங்க சார்."

மீட்டரை வைத்தார். டிஸ்க் இல்லாமல் 12 வோல்ட். மாட்டியதும் 9-க்கு இறங்கியது. "டிஸ்க் சுத்த ஆரம்பிக்கிறப்ப நிறைய கரண்ட் இழுக்கும். சப்ளை தாங்கல." பவர் சப்ளையில் இரண்டு கெபாசிட்டர்கள் தலை உப்பி, பூரி மாதிரி நின்றன. வருஷக்கணக்கில் சூட்டிலேயே இருந்தால் உள்ளே ஈரம் வற்றிவிடுமாம்.

ஈயத்தை உருக்கியபடியே கதை சொன்னார். 2010 ஜூலை 7-ம் தேதி இன்சாட்-4பி செயற்கைக்கோளின் சோலார் பலகை ஒன்றில் மின்சாரக் கோளாறு. 24 டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை நிறுத்த வேண்டி வந்தது. "36,000 கிலோமீட்டர் மேல பவர் போச்சு. ஜனங்க பெட்டியைத் தூக்கிக்கிட்டு இந்தப் படி ஏறினாங்க. மேலயும் கீழயும் வியாதி ஒண்ணுதான் சார்!"

புது கெபாசிட்டர், டிஸ்க், கார்டு எல்லாம் ஏறின. சின்னம் வந்தது. மறைந்தது. மெனு வந்தது. லிஸ்ட்டில் பட்டிமன்றம் இருந்தது. ஓட்டினேன். மூன்றாவது நாற்காலி. அப்பா கை தட்டினார். பெரியவர் சோல்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

"செல்போன்ல இப்பவே படம் புடிச்சுக்கோங்க. திரும்பவும் உப்பாதுன்னு நான் கேரண்டி தர முடியாது. வீட்டுக்குப் போய் ஒயரை ஒண்ணொண்ணா மாட்டுங்க. எதை மாட்டினதும் படுக்குதோ, அதுதான் திருடன்" என்றார்.

கூலி 250 ரூபாய். புதுப் பெட்டி விற்கும் இனிமையான குரலுக்கு இந்த விலை தெரியாது.

இறங்கும்போது எதிரே ஒருத்தர் அதே மாதிரி பையோடு, கவலை முகத்தோடு ஏறிக்கொண்டிருந்தார். சுவரோடு ஒட்டி வழி விட்டேன்.

"சிவப்பு லைட் எரியுதா சார்?"

திகைத்துப் போய், "எரியுதே" என்றார்.

"அப்ப பொழைச்சுக்கும். போங்க" என்றேன்.