முழுக்கைச் சட்டைக்குள் ஒரு மயில்

ஆகஸ்ட் மாத டோக்கியோவில் முழுக்கைச் சட்டையோடு ரயிலில் நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தேகம் வரும்: இவர் கையிலும் ஏதாவது இருக்குமோ? வெயில் 35 டிகிரியைத் தாண்டும். புழுக்கம் நம் சென்னையைத் தோற்கடிக்கும். 2005-லிருந்து சுற்றுச்சூழல் அமைச்சகமே 'கூல் பிஸ்' என்று ஒரு இயக்கம் நடத்துகிறது. அறை வெப்பத்தை 28 டிகிரியில் வையுங்கள், டையைக் கழற்றுங்கள், அரைக்கைச் சட்டை போடுங்கள் என்று அரசாங்கமே கெஞ்சுகிறது. நாடே அரைக்கைக்கு மாறும் அந்த மாதங்களிலும் நான் மணிக்கட்டில் பொத்தானைப் போட்டுக்கொண்டு வியர்த்துக்கொண்டிருப்பேன்.

காரணம், என் வலது முன்கையில் ஒரு மயில் இருக்கிறது. முழங்கை வரை தோகை, பக்கத்தில் ஒரு வேல். கோவையில் கல்லூரியில் படித்த காலத்தில், பழனிக்குப் பாதயாத்திரை போய்வந்த சூட்டில் குத்திக்கொண்டது. "இனி கவர்மென்ட் வேலை கிடைச்ச மாதிரிதான்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் பயந்தது இந்திய அரசாங்கத்துக்கு. ஜப்பானைப் பற்றி அன்றைக்கு எங்கள் இருவருக்குமே யோசனை இல்லை.

ஜப்பானில் பச்சை குத்தியிருப்பது குற்றமில்லை. விசா விண்ணப்பத்தில் அப்படியொரு கேள்வியே கிடையாது. ஆனால் வெந்நீர் ஊற்றுக் குளியலான 'ஒன்சென்', நீச்சல்குளம், ஜிம் என்று சட்டையைக் கழற்ற வேண்டிய பல இடங்களின் வாசலில் பச்சை உள்ளவர்கள் வரக்கூடாது என்று ஒரு பலகை தொங்கும். அலுவலகத்தில் அந்தப் பலகைகூட இருக்காது. நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

எனக்குப் புரியவைத்தது வருடாந்தர உடல் பரிசோதனை. ஊழியர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை நடத்துவது இங்கே நிறுவனங்களின் சட்டப்படியான கடமை. எங்கள் அலுவலகத்தில் கூட்ட அறையையே அன்றைக்கு மருத்துவமனையாக்கிவிடுவார்கள். எடை, பார்வை, ரத்த அழுத்தம் என்று வரிசை நகர்ந்து, கடைசியில் ரத்தம் எடுக்கும் மேஜை வந்தது. சட்டைக் கையை மடக்கிவிடச் சொன்னார் நர்ஸம்மா. மடக்கினேன். மயிலைப் பார்த்தார், முகத்தில் ஒரு சலனமில்லை. நரம்பைத் தேடி விரலால் தட்டியவர், தோகையின் நடுவில் ஒரு கண்ணைத் தேர்ந்தெடுத்து, "கொஞ்சம் குத்தும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் வரிசையில் நின்ற என் மேலாளர் சிரிக்கவில்லை.

அவர் ஒன்றும் கேட்கவுமில்லை. சில நாள் கழித்து, ஒரு வாடிக்கையாளர் கூட்டத்துக்குக் கிளம்பும்போது, வானிலையைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னார்: "அங்கே வயதானவர்கள் அதிகம். முழுக்கை இருந்தால் நல்லது, இல்லையா?" உத்தரவு இல்லை, கண்டிப்பும் இல்லை. ஜப்பானில் இதற்கு மேல் வெளிப்படையாக ஒருவர் எதையும் சொல்லமாட்டார். அன்றிலிருந்து முழுக்கை.

இந்த அசூயையின் கதை நீளமானது. 1720-ல், ராணுவ ஆட்சியாளரான ஷோகுன் யோஷிமுனேயின் காலத்தில், மூக்கையும் காதையும் அறுக்கும் தண்டனைக்குப் பதிலாகப் பச்சை குத்தும் தண்டனை வந்தது. திருடியவன் கையைச் சுற்றிக் கறுப்பு வளையம். ஊருக்கு ஊர் அடையாளம் வேறுபடும்; பார்த்தவுடனே எங்கே தண்டனை பெற்றவன் என்று தெரிந்துவிடும். இன்றைய டோக்கியோவான எடோ நகரத்தில்தான், நூறு ஆண்டு கழித்து, பச்சை ஒரு கலையாகவும் வளர்ந்தது. 1827 வாக்கில் ஓவியர் உத்தாகாவா குனியோஷி, சீனக் கதையொன்றின் 108 கொள்ளை வீரர்களின் வரிசையை, சிலரை உடம்பெல்லாம் சித்திரத்தோடு, வரைய ஆரம்பித்தார். மர அச்சில் வந்த அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுத் தீயணைப்பவர்களும் தச்சர்களும் கூலியாட்களும் முதுகு முழுக்க டிராகனும் கெண்டை மீனும் குத்திக்கொண்டார்கள். டிராகன் தண்ணீரின் தெய்வம். நெருப்புக்குள் போகிறவனுக்கு அது காப்பு.

பிறகு 1872-ல் மெய்ஜி அரசு அதைத் தடை செய்தது. மேலை நாட்டுக்காரர்கள் வந்துபோகத் தொடங்கிய காலம். அவர்கள் கண்ணுக்கு நாம் காட்டுமிராண்டிகளாகத் தெரியக்கூடாது என்பது ஆட்சியாளர்களின் கவலை. வேடிக்கை என்னவென்றால், வந்தவர்கள் அதைத் தேடித்தான் வந்தார்கள். பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான இளவரசர், 1881-ல் ஜப்பானில் கையில் டிராகன் குத்திக்கொண்டு போனார். ரஷ்யாவின் கடைசி ஜாராகப்போகிற நிக்கோலாஸ் 1891-ல் வந்து அதையே செய்தார். சொந்த மக்கள் குத்திக்கொண்டால் தண்டனை. விருந்தாளிக்கு ராஜ மரியாதை.

தண்டனை யார்மீது இறங்கியது என்று பார்த்தால் மனசு கனக்கும். ஹொக்கைதோவின் பூர்வகுடிகளான ஐனு பெண்கள் உதட்டைச் சுற்றிப் பச்சை குத்துவார்கள். 1871-ல் அதைத் தடுத்தார்கள். ஒக்கினாவாப் பெண்கள் புறங்கையிலும் விரல்களிலும் புள்ளியும் வட்டமும் அம்புமாகக் குத்துவார்கள். 1899-ல் அதுவும் குற்றமானது. ஒக்கினாவாப் பாட்டிகளின் கைகளைப் பழைய புகைப்படங்களில் பார்த்தபோது, என் அப்பத்தாவின் முழங்கையில் இருந்த புள்ளிக்கோலம் ஞாபகத்துக்கு வந்தது. "செத்தா கூட வர்றது இது ஒண்ணுதான்" என்பாள் அவள். அதை யாரும் சட்டம் போட்டு மறைக்கச் சொல்லவில்லை; அந்த அளவில் அவள் கொடுத்துவைத்தவள்.

தடை 1948-ல் நீங்கியது, களங்கம் நீங்கவில்லை. யாகூசா என்னும் ரவுடிக் கும்பல்கள் பச்சையைத் தங்கள் சின்னமாக்கிக்கொண்டன. 1960-களின் சினிமா அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. நடிகர் தகாகுரா கென் சட்டையைக் கழற்றினால் முதுகில் சித்திரம், தியேட்டரில் விசில். அத்தனையும் சாயம் என்பது வேறு விஷயம். 1992-ல் வன்முறைக் கும்பல்களுக்கு எதிரான சட்டம் நடைமுறைக்கு வந்தது. "நீ ரவுடியா?" என்று குளியல்கூடக்காரர் வாடிக்கையாளரிடம் கேட்க முடியாது, "பச்சை உள்ளவர்களுக்கு அனுமதியில்லை" என்று பலகை மாட்டலாம். ரவுடிக்காக மாட்டிய பலகையில் மற்றவர்களும் மாட்டிக்கொண்டார்கள்.

2012-ல் ஒசாகா மேயர் ஹஷிமோத்தோ, மாநகராட்சி ஊழியர்கள் யார் யார் உடம்பில் எங்கே பச்சை இருக்கிறது என்று எழுதித் தரச் சொன்னார். நூற்றுக்கும் மேற்பட்டோர் ஒப்புக்கொண்டார்கள். பதில் தர மறுத்த சிலர்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுத்தார்கள். அதே ஒசாகா வட்டாரத்தில் பச்சை குத்தும் கலைஞர் ஒருவருக்கு, மருத்துவர் உரிமம் இல்லாமல் ஊசி பிடித்தார் என்று 2017-ல் மாவட்ட நீதிமன்றம் 1,50,000 யென் அபராதம் போட்டது. பச்சை குத்துவது மருத்துவத் தொழில் அல்ல என்று உச்ச நீதிமன்றம் ஒருவழியாக முடித்துவைத்தது 2020-ல்தான்.

இதெல்லாம் தெரிந்த பிறகுதான் ஹாகோனே பக்கம் அலுவலகச் சுற்றுலா வந்தது. தங்கும் விடுதியில் ஒன்சென். வாசலில் வழக்கமான பலகை. சிறிய பச்சை என்றால் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்துக்கொண்டு வரலாம் என்று வரவேற்பில் சொன்னார்கள். தோல் நிறத்தில் மெல்லிய படலம்; முன்கைக்குச் சில துண்டுகள் தேவைப்பட்டன. உடைமாற்றும் அறையில் சக ஊழியர் ஒருவர் என் கையை ஆல்கஹால் துணியால் துடைத்து, சுருக்கம் விழாமல், ஓரம் ஓரமாக அழுத்தி ஒட்டிவிட்டார். சிக்கல் எங்கே என்றால், அந்தத் தோல் நிறம் என் தோல் நிறமில்லை. கறுத்த கையில் வெளிறிய பட்டை பட்டையாக, தீக்காயத்துக்குக் கட்டுப் போட்டதுபோல ஆகிவிட்டது. மயிலைப் பார்த்திருந்தால் பத்து பேர் திரும்பியிருப்பார்கள். ஸ்டிக்கரை மொத்தத் தொட்டியும் பார்த்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். ஆனால் யாரும் முகம் சுளிக்கவில்லை. விதிக்கு வேண்டியது மறைத்திருக்கிறான் என்கிற அறிகுறி, அது இருந்தது.

நண்பர் ஒருவர் வேறு யோசனை சொன்னார்: "சாமி சமாச்சாரம்னு சொல்லிடுங்க தம்பி, விட்டுடுவாங்க." அப்படியொன்றும் விடுவதில்லை. 2013-ல் ஹொக்கைதோவுக்கு ஒரு மாநாட்டுக்கு வந்திருந்த நியூசிலாந்து மவோரிப் பெண்மணி, முகத்திலிருந்த தன் குல மரபுப் பச்சைக்காகக் குளியல்கூடமொன்றில் திருப்பி அனுப்பப்பட்டார். ஐனு நிலத்தில் இப்படி நடந்தது பெரிய செய்தியானது. டோக்கியோவுக்கு ஒலிம்பிக் கிடைத்திருந்த நேரம் வேறு. அதன்பின் சுற்றுலா முகமை 2015-ல் விடுதிகளிடம் கருத்துக் கேட்டது. பதில் சொன்ன சுமார் 600 விடுதிகளில் 56 சதவீதம் பச்சை உள்ளவர்களை அனுமதிப்பதில்லை என்றன. 31 சதவீதம் அனுமதிக்கிறோம் என்றன. 13 சதவீதம் மறைத்தால் சரி என்றன. 2017-ல், பச்சை இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவர் பொதுக் குளியல் சட்டத்தின் தடைக்குள் வரமாட்டார் என்று அமைச்சரவை நாடாளுமன்றத்துக்கு எழுத்தில் பதில் தந்தது. 2019 ரக்பி உலகக் கோப்பைக்கு முன் பெப்பு நகரம், பச்சையோடு குளிக்கக்கூடிய நூறு ஒன்சென்களைப் பட்டியலிட்டு வெளியிட்டது.

என் அன்றாடக் குளியல் இந்தச் சண்டைக்கு வெளியே நடக்கிறது. நான் இருப்பது கமாதா. இந்த ஓத்தா வட்டாரத்தில் 'செந்தோ' என்கிற பழைய பொதுக் குளியல்கூடங்கள் நிறைய. கட்டணம் 2024 நிலவரப்படி 550 யென். பல இடங்களில் பூமிக்கடியிலிருந்து வருவது கறுப்பு ஊற்றுநீர். ஆதிகாலத்துத் தாவரங்கள் மக்கிக் கரைந்த நிறம். கையை ஒரு சாண் அடியில் விட்டால் விரல் தெரியாது. மயிலைத் தண்ணீரே மறைத்துக்கொள்ளும். மறைக்கத் தேவையும் இல்லை. ஒரு மாலை என் பக்கத்தில் உட்கார்ந்து தலை தேய்த்துக்கொண்டிருந்த பெரியவருக்குத் தோளிலிருந்து தொடை வரை சித்திரம்; நெஞ்சின் நடுவில் மட்டும் ஒரு கையகலம் வெறும் தோல். முன்பக்கம் திறந்த மேலங்கி போட்டாலும் வெளியே தெரியாதபடி அப்படி விட்டுக் குத்துவது மரபு. என் கையைப் பார்த்துவிட்டு, "பீனிக்ஸா?" என்று கேட்டார். மயில் என்றேன். "இயந்திரமா, கையாலா?" இயந்திரம். "ம்," என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டார். அந்த 'ம்'மில் தொழில் தெரிந்தவரின் ஏமாற்றம் இருந்தது.

வேறு விதமான நிம்மதி வேண்டும் என்றால் கினோசாக்கிக்குப் போக வேண்டும். கியோத்தோவில் ரயில் ஏறி, மலைகளுக்கு ஊடே இரண்டரை மணி நேரம். ஜப்பான் கடலுக்குக் கொஞ்சம் முன்னால் இறங்க வேண்டும். ஊர் நடுவில் ஓதானி வாய்க்கால், இரு கரையிலும் மரங்கள், குறுக்கே கல் பாலங்கள். ரயில் மோதிக் காயம்பட்ட எழுத்தாளர் ஷிகா நவோயா 1913-ல் உடம்பு தேற இங்கே வந்து தங்கினார். அதை வைத்து எழுதிய சிறுகதையால் ஊருக்கு இலக்கியப் பெருமையும் உண்டு. நவம்பரிலிருந்து நண்டுக் காலம். தெருவெல்லாம் வேகும் நண்டின் வாசம்.

இங்கே ஏழு பொதுக் குளியல்கூடங்கள். ஏழிலும் பச்சைக்குத் தடையில்லை. விடுதியில் தரும் 'யுகாத்தா' என்னும் மெல்லிய பருத்தி அங்கியைச் சுற்றிக்கொண்டு, மரச்செருப்பு 'டக் டக்' என்று ஒலிக்க, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடப்பதுதான் ஊரின் வேலை. யுகாத்தாவின் கை அகலம். தலையைச் சொறியக் கையைத் தூக்கினாலே துணி சரிந்து முன்கை முழுக்க வெளியே வந்துவிடும். முதலில் பதறி இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஏழில் ஒன்றான இச்சி-நோ-யூவின் குகைத் தொட்டியில் ஒரு சிறுவன் மயிலையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா அவன் தோளைத் தொட்டு அடக்கினார். பையன் அடங்கவில்லை: "அப்பா, மிருகக்காட்சிசாலையில் பார்த்தது வாலை விரிக்கவே இல்லை. இது விரித்திருக்கிறது!" அப்பா என்னிடம் மன்னிப்புக் கேட்டார், நான் பையனுக்கு இன்னும் கொஞ்சம் கையைத் திருப்பிக் காட்டினேன்.

ஊர் திரும்பி இதை அலுவலகத்தில் சொன்னபோது, எதிர் மேஜையிலிருக்கும் பெண், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார். வருடம் முழுக்க கறுப்புக் காலுறை போடுகிறவர். கணுக்காலில் சின்னதாக ஒரு குருவி இருக்கிறதாம். "கினோசாக்கியில் ஜப்பானியர்களையும் விடுவார்களா?" என்று கேட்டார். விடுவார்கள் என்றேன். "நீங்கள் வெளிநாட்டுக்காரர். உங்களைப் பார்த்தால் 'அவர்கள் வழக்கம்' என்று விட்டுவிடுவார்கள். என்னைப் பார்த்தால் என்ன குடும்பமோ என்பார்கள்" என்றார். அவருடைய அம்மாவுக்கே இன்னும் தெரியாதாம்.

அவர் சொன்னதுதான் சரியான கணக்கு. இந்தத் தடை வெளிநாட்டுக்காரன் கண்ணுக்குப் பயந்து வந்தது. இன்று தளர்வதும் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரன் செலவழிக்கும் காசுக்காக. நான் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறேன். பயணியாகப் போனால் சலுகை, ஊழியனாக வந்தால் முழுக்கை. முழுக்கையைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. மேலாளர் என்னையும் வீட்டு மனிதர்களில் ஒருவனாக எண்ணித்தான் அதைச் சொன்னார். விருந்தாளியிடம் யாரும் சட்டையைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்குப் போக இன்னொரு நாடு இல்லை. விருந்தாளி வேஷம் போடவும் வழியில்லை.

இங்கே வேலைக்கு வரப்போகும் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள், "அண்ணே, கையில டாட்டூ இருக்கு, பிரச்சினை வருமா?" வேலை கிடைப்பதில் வராது, முழுக்கைச் சட்டை நாலு எடுத்து வை என்பேன். குளிக்கப் போகிற இடத்துக்கு முன்கூட்டியே போன் போட்டுக் கேள். வேண்டாம் என்றால் வாதாடாதே, அடுத்த இடத்துக்குப் போ. வரலாம் என்றால் உன்கூட வேலை பார்க்கிற ஜப்பான்காரர்களிடம் அந்த இடத்தின் பெயரைச் சொல்லி வை. கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு யாராவது ஒருவர் அங்கே நிச்சயம் இருப்பார்.