விடுதிப் பந்தி

ஆனி, ஆடி மாதங்களில் தூத்துக்குடிக்கு வரும் பேருந்துகளிலும் ரயில்களிலும் ஒரு புதிய கூட்டத்தைக் காணலாம். கையில் பெட்டியும் படுக்கையும், முகத்தில் வெளியே சொல்ல இயலாத கலக்கமுமாக வரும் பிள்ளைகள். அவர்களைக் கல்லூரி விடுதியில் சேர்ப்பதற்காக உடன் வரும் பெற்றோர். பல குடும்பங்களில் தாத்தாவும் பாட்டியும். திருச்செந்தூர் முருகனைத் தரிசித்து, பன்னீர் இலையில் பெற்ற திருநீற்றைப் பிள்ளையின் பெட்டியில் பத்திரப்படுத்திய பிறகே விடுதி வாயிலை மிதிக்கும் குடும்பங்களும் உண்டு. கண்ணுக்கு எட்டாத தொலைவுக்குச் செல்லும் பிள்ளையைக் கந்தனிடம் ஒப்படைத்துவிட்டால் மனம் சற்று ஆறுகிறது.

இந்தத் துறைமுக நகரம் வெளியூர்ப் பிள்ளைகளுக்குப் பழகிய நகரம். கப்பலோட்டிய தமிழரின் பெயரைத் தாங்கிய வ.உ.சிதம்பரம் கல்லூரியை விடுதலைப் போராட்ட வீரரான ஏ.பி.சி. வீரபாகு 1951இல் நிறுவினார். 1977இல் மீன்வளக் கல்லூரியும், 2000இல் அரசு மருத்துவக் கல்லூரியும் இங்கே தோன்றின. உப்பளத் தொழிலாளியின் மகன், பனையேறியின் பேரன், கடலோடியின் பிள்ளை, கரிசல் காட்டு விவசாயியின் பிள்ளை, தொலைவிலுள்ள மாவட்டங்களிலிருந்து வந்த அரசு ஊழியரின் பிள்ளை என்று பல திசைகளில் பிறந்தவர்கள் ஒரே அறையில் பாய் விரிக்க நேர்கிறது. வீட்டில் இருந்தவரை ஒருவர் பெயரை ஒருவர் கேட்டிராதவர்கள் அவர்கள்.

பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பும்போது பெரியவர்களின் மனத்தில் ஆயிரம் கவலைகள் எழுகின்றன. வேளைக்குச் சாப்பிடுவானா, காலையில் நீராடி நெற்றிக்கு இட்டுக்கொள்வாளா, உடன் இருப்பவர்கள் எப்படிப்பட்டவர்களோ என்பன அவற்றுள் சில. இவை அன்பில் விளைந்த கவலைகள், குறைகூறத்தக்கவை அல்ல. ஆனால் சில வேளைகளில் அந்த அன்பே விடுதிக் காப்பாளரைத் தனியே அழைத்து, தாழ்ந்த குரலில் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுகிறது: "நம்மவர்கள் இருக்கும் அறையாகப் பார்த்துப் போட முடியுமா?" கேட்பவர் அதைச் சிறிய சலுகையாகவே எண்ணுகிறார். அத்தகைய ஒரு சிறிய சலுகை, நூறு ஆண்டுகளுக்கு முன் இதே பொருநைக் கரையில் தமிழகத்தையே உலுக்கியது. இன்று பிள்ளையை விடுதியில் சேர்க்கும் ஒவ்வொரு குடும்பமும் அந்த வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி, பாபநாசத்தில் மலையிறங்கி, சேரன்மாதேவியைத் தழுவி, நவதிருப்பதித் தலங்களுக்கு நீர் வார்த்து, புன்னைக்காயலருகே முத்துக்குளித்துறைக் கடலில் கலக்கிறது. 1986ஆம் ஆண்டு தூத்துக்குடி தனி மாவட்டம் ஆகும்வரை ஆற்றின் தோற்றுவாயும் கழிமுகமும் ஒரே திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. இந்த ஆற்றின் நடுவழியில் உள்ள சேரன்மாதேவியில்தான் வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் என்னும் வ.வே.சு. ஐயரின் தமிழ்க் குருகுலம் நடைபெற்றது.

ஐயர் எளிய மனிதர் அல்லர். இலண்டனில் சட்டம் பயிலச் சென்று விடுதலை வேட்கையால் புரட்சியாளராக மாறியவர், புதுச்சேரியில் பல ஆண்டுகள் அரசியல் அகதியாக வாழ்ந்தவர், திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், கம்பனில் தோய்ந்தவர். சிறையிலிருந்து மீண்ட அவர், இளைஞருக்குத் தாய்மொழியில் கல்வியும், கைத்தொழிலும், உடற்பயிற்சியும், நாட்டுப்பற்றும் ஒருங்கே கிடைக்க வேண்டும் என்று கனவு கண்டார். 1922இல் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிய குருகுலம் பின்னர் சேரன்மாதேவிக்கு மாறியது. தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தர இசைந்து, அதில் 5,000 ரூபாயை வழங்கியது. பல சாதிகளையும் சேர்ந்த பிள்ளைகள் அங்கே ஒன்றாகத் தங்கிப் பயின்றனர்.

ஆயினும் இரண்டு அந்தணச் சிறுவர்கள் மட்டும் தனியே அமர்ந்து உண்டனர். பெற்றோர் வேண்டிக்கொண்டதன் பேரில், அவர்களுக்கு அளிக்கப்பட்ட வாக்கின்படி நிகழ்ந்த ஏற்பாடு அது. செய்தி வெளியே பரவியபோது நாடு கொதித்தது. பொதுப்பணத்தில் நடக்கும் குருகுலத்தில் பந்தி பிரிப்பது தகுமா என்று டாக்டர் வரதராஜுலு நாயுடுவும், அப்போது காங்கிரஸில் இருந்த ஈ.வெ. ராமசாமியும் கேட்டனர். 1925இல் தமிழகம் வந்த காந்தியடிகளிடம் வழக்கு சென்றது. கூட்டு வாழ்க்கை நடைபெறும் இடத்தில் உடனுண்ணலே முறை என்றும், ஏற்கெனவே பெற்றோருக்கு அளித்த வாக்கை மட்டும் காப்பாற்றிவிட்டு இனிச் சேரும் பிள்ளைகளுக்கு விலக்கு அளிக்கலாகாது என்றும் அவர் வழி சொன்னார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. கசப்பு முற்றி, ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூனில், பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில் நீரில் விழுந்த தம் மகள் சுபத்திரையைக் காக்கப் பாய்ந்து, அந்த அருவியிலேயே உயிர்நீத்தார்.

இந்த வரலாற்றில் ஐயரின் தியாகத்தைப் போற்றுவோரும் உண்டு. அவருடைய முடிவைக் குறைகூறுவோரும் உண்டு. ஆனால் பலரும் கவனிக்காமல் கடந்துவிடும் ஒன்று இதில் இருக்கிறது. தனி இலை கேட்டவர்கள் அந்த இரண்டு சிறுவர்கள் அல்லர். அவர்களுடைய வீட்டுப் பெரியவர்கள். குருகுலத்தில் மற்றப் பிள்ளைகளுடன் ஓடியாடியவர்களை, சோற்று வேளையில் மட்டும் வேறு இடத்திற்கு அனுப்பியது வீட்டிலிருந்து வந்த கட்டளை. அந்தப் பெரியவர்கள் தீயவர்கள் அல்லர். பிள்ளையின் ஆசாரம் கெட்டுவிடுமே என்று அஞ்சிய, நம்மைப் போன்ற குடும்பத்தார். அவர்கள் அஞ்சியது இரண்டு இலைகளுக்காக. அதனால் உடைந்தது ஒரு நிறுவனமும் பல உள்ளங்களும்.

வேறு வழியில் சென்ற விடுதிகளும் நம் நாட்டில் உண்டு. சென்னை மயிலாப்பூரில் சுவாமி ராமகிருஷ்ணானந்தரின் அருளாசியுடன் 1905இல் ஏழைச் சிறுவர்கள் 7 பேருக்காக ஒரு மாணவர் இல்லம் தொடங்கப்பட்டது. சி. ராமசாமி ஐயங்காரும் சி. ராமானுஜாச்சாரியாரும் தம் வாழ்நாளை அதற்கே ஈந்தனர். கோவையில் தி.சு. அவினாசிலிங்கம் 1930இல் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கியபோது முதலில் சேர்ந்த மாணவன் ஒரே ஒருவன். அவன் ஹரிஜனச் சிறுவன். யாரை முதலில் உட்காரவைக்கிறோம் என்பதிலேயே அந்த விடுதியின் பந்தி தீர்மானமாகிவிட்டது. 1934இல் பெரியநாயக்கன்பாளையத்தில் அதற்குக் காந்தியடிகள் அடிக்கல் நாட்டினார். திருஞானசம்பந்தரின் ஏடு வைகையை எதிர்த்தேறிய திருவேடகத்தில், சுவாமி சித்பவானந்தர் 1971இல் விவேகானந்த கல்லூரியை நிறுவினார். மாணவர் அனைவரும் விடுதியில் தங்கிக் குருகுல முறையில் பயிலும் கல்லூரி அது. இவை சமயத்தை விட்டு விலகிய இடங்கள் அல்ல. காலையும் மாலையும் இறைவன் திருநாமம் ஒலிக்கும் இடங்கள். வழிபாடும் பொதுப்பந்தியும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதற்கு இவையே சான்று.

தூத்துக்குடிக்கு இதில் தனிப் பெருமை ஒன்றும் இருக்கிறது. எந்தப் பெரியவரின் பெயரைக் கல்லூரியும் துறைமுகமும் தாங்கி நிற்கின்றனவோ, அந்த வ.உ. சிதம்பரனார் தம் இல்லத்தில் இராமையா தேசிகர் என்னும் வேதாந்தப் புலவரை ஆதரித்து வந்தார். தேசிகர் பார்வையற்றவர், சமூகத்தால் ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். உற்றார் முணுமுணுத்தனர். சிதம்பரனாரின் மனைவி வள்ளியம்மை தயங்கவில்லை. அந்தப் பெரியவருக்குத் தம் கையாலேயே அமுது படைத்தார். சேரன்மாதேவி வழக்கு எழுவதற்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு முன் நிகழ்ந்தது இது. மேடையும் பத்திரிகையும் தீர்க்க இயலாமல் திணறிய வழக்கை, ஒரு குடும்பத் தலைவி அடுக்களையிலேயே தீர்த்துவைத்திருந்தார்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். தலைமுறை தலைமுறையாகச் சைவ உணவு உண்ணும் வீட்டுப் பிள்ளை, மீனும் இறைச்சியும் உண்பவர் நடுவில் என்ன செய்வான்? அவன் தன் நோன்பை விடவேண்டியதில்லை. தட்டில் இருப்பது அவரவர் விரதம். தட்டுக்கு அருகில் இருப்பவர் அவரவர் உறவு. ஏகாதசிக்கும் சஷ்டிக்கும் ஒருவன் பட்டினி இருக்கலாம். ரமலானில் மற்றொருவன் பகல் முழுதும் நீரும் அருந்தாதிருக்கலாம். உணவு வேறாகலாம், வரிசை வேறாக வேண்டியதில்லை. ஒருவன் விரதத்தை மற்றவன் மதித்து, அவனுக்காகப் பழத்தையோ பாலையோ எடுத்துவைப்பது விடுதிகள் அறிந்த அன்பு.

விடுதி வாழ்க்கையின் சிறப்பே இத்தகைய சிறு செயல்களில் இருக்கிறது. அதிகாலையில் குழாயடியில் வரிசை காத்தல், ஒருவன் படிக்க மற்றவன் விளக்கணைக்காமல் பொறுத்தல், உணவுக் குழுவில் இடம்பெற்று மாதக் கணக்கைப் பார்க்கும்போது அரிசி விலையும் காய்கறி விலையும் அறிதல், ஊரிலிருந்து வந்த அதிரசத்தையும் முறுக்கையும் அறைக்கு அறை பகிர்தல் ஆகியவை எந்தப் பாடநூலிலும் இல்லாத பாடங்கள். சரஸ்வதி பூஜையன்று எல்லோருடைய புத்தகங்களும் ஒரே அடுக்காக ஏறுகின்றன. அவற்றுள் யாருடைய புத்தகம் யாருடையதன்மேல் இருக்கிறது என்று எவரும் பார்ப்பதில்லை. நள்ளிரவில் காய்ச்சல் கண்டவனை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவன் பக்கத்துப் பாயில் படுத்திருப்பவன்தான். வீட்டாருக்குச் செய்தி எட்டுமுன் நெற்றியில் ஈரத்துணி இட்டவனும் அவனே.

இந்தக் கரையின் பழந்தொழில் இதை நன்கு விளக்கும். முத்துக்குளிப்பவர் இடுப்பில் கயிற்றுடன், காலில் கல்லின் பாரத்துடன் கடலடிக்குச் செல்வார். தோணியில் நிற்பவர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பார். கீழே மூச்சுத் திணறி ஒருவர் கயிற்றை அசைத்தால், மேலே இருப்பவர் உடனே இழுத்தாக வேண்டும். அதனால் கயிறு பிடிக்க மைத்துனரையே நிறுத்துவது வழக்கம் என்று சொல்வார்கள். தங்கையின் தாலி காக்கப்பட வேண்டுமென்றால் அவர் கை தளராது. வீட்டை விட்டு வந்த பிள்ளையும் அறியாத ஆழத்தில் இறங்கியவனே. தேர்வில் தோல்வியோ, பண நெருக்கடியோ, மனச்சோர்வோ அவனை அழுத்தும்போது கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பவன் அறைத்தோழன். அவன் எந்தக் குலத்தவன் என்று அந்த நேரத்தில் எவர் கேட்பார்? அப்போது கேட்க மாட்டோம் என்றால், அறை ஒதுக்கும் நாளில் கேட்பது ஏன்?

பக்தர்களுக்கு இது புதிய பாடமும் அன்று. 1939 ஜூலை 8 அன்று மதுரையில் அ. வைத்தியநாத ஐயர், கக்கன் முதலியோரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் சந்நிதிக்குள் நுழைந்தார். சேரன்மாதேவியில் இலையைப் பற்றி எழுந்த வாதம் ஓய்ந்து 14 ஆண்டுகளே ஆகியிருந்தன. இன்று திருச்செந்தூர் அன்னதானக் கூடத்தில் இலை விரிக்கும்போது, பக்கத்தில் அமர்பவரின் ஊரும் பேரும் ஒருவரும் வினவுவதில்லை. அது பிரசாதம் என்ற ஒரே எண்ணத்தில் செல்வரும் வறியவரும் தோளோடு தோள் சேர்ந்து உண்கின்றனர். கோயிலில் நாம் மகிழ்ந்து ஏற்கும் வரிசையையே விடுதியில் நம் பேரப்பிள்ளைக்கும் அமைத்துக் கொடுக்கலாம்.

ஆகவே பிள்ளையை விடுதியில் சேர்க்கும் பெரியவர்கள் காப்பாளரிடம் கேட்க வேண்டியவை வேறு. குடிநீர் தூய்மையானதா, நோயுற்றால் பார்ப்பவர் யார், இரவில் வாயில் காப்போர் உண்டா, மூத்த மாணவர் இளையோரைத் துன்புறுத்தாமல் கண்காணிப்பது எவ்வாறு என்று கேட்கட்டும். அவை பிள்ளையைக் காக்கும் கேள்விகள். உடன் தங்குபவரின் குலத்தைக் கேட்பதோ பிள்ளையைத் தனிமைப்படுத்தும் கேள்வி. கொடுத்தனுப்பும் பலகாரத்தில் அறையிலுள்ள எல்லோருக்கும் பங்கு இருக்கட்டும். விடுமுறைக்கு வரும்போது தோழனையும் அழைத்து வரச் சொல்லி, அவனுக்கும் அதே கூடத்தில், அதே வரிசையில் இலை போடட்டும். பாட்டியின் கையால் விழும் அந்த முதல் கவளத்தில், நூறு ஆண்டுகளாக முடிவு காணாத பழைய வழக்கு ஒன்று அந்த வீட்டளவில் தீர்ந்துபோகும். செந்திலாண்டவன் அருள் அந்தப் பந்தி முழுவதற்கும் உண்டு.