செருப்புக்கடி

சித்திரை வெயிலில் மாசி வீதிகளைச் சுற்றிவரும்போது புதுச் செருப்பு கடிக்கிறது. நொண்டுகிறேன். நொண்டுவதால்தான் கொப்புளம் புண்ணாகாமல் தப்புகிறது.

இந்தச் சின்ன வேதனையின் மதிப்பை அறிந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் பிறந்து, 1946 முதல் வேலூரில் பணியாற்றியவர். தொழுநோயில் கால் சிதைவதற்கு முக்கியக் காரணம் உணர்ச்சி மரத்துப்போவதே என்று காட்டினார். ஆணி குத்தினாலும் மரத்த கால் நொண்டாது. அதே இடத்தில் மிதித்து மிதித்துப் புண் குழியாகும்.

செருப்புக் கடையில் மரத்த கால் இறுக்கமான ஜோடியையே பொருத்தம் என்று எடுக்கும். இறுக்கம் ஒன்றுதான் அதற்கு எட்டுகிறது. பாரத்தைப் பாதம் முழுவதும் பரப்பும் மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பு இப்படிப்பட்ட கால்களுக்காக வந்தது. இன்று மதுரையில் சர்க்கரை நோயாளிகளும் அதை அணிகிறார்கள்.

கவிதையில் இறுக்கத்தை மட்டுமே மெச்சுகிற நமக்கு எங்கே மரத்திருக்கிறது?